மளிகைக்கு ஈடாக ஒரு பெண்

"இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?"

பட்டாணி சோதனைச் சட்டத்தில் ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாள். கண்ணாடிக் கடையின் பின்னறை அது. ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை, இழுப்பறை நிறைய வட்ட வில்லைகள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாத்திரக்கடை முதலாளியின் மனைவி, மூக்கில் ஏறிய பாரத்தைத் தாங்காமல் முகத்தைச் சுளித்தாள்.

"நீயே சொல்லும்மா. எது நல்லதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கண்ணு உங்களுது. நான் சொன்னா அது எனக்குச் செஞ்ச கண்ணாடி ஆயிடும்."

அம்மாள் சிரித்தாள். வாய்த்துடுக்கான பெண் என்று பிடித்துப் போயிருக்க வேண்டும். பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சீக்கிரம் செஞ்சு குடுத்துடு. அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு ஒரு பொண்ணு வருது. அதுக்கு மருந்துப் பேரெல்லாம் படிச்சுக் காட்டணும்."

"மருமகளா?"

"மருமக வந்துட்டாலும்! வேலைக்குத்தான். வேலைக்குன்னு சொன்னா இவரு கோவிச்சுக்குவாரு. மாமியார் படுத்த படுக்கை. நர்சு வெச்சோம், அவ என்னடான்னா லீவு கேக்கறா, சம்பளம் கூட்டிக் கேக்கறா. மணிக்கூண்டுக்குப் பின்னால ஒரு இல்லம் இருக்கு பாரு, அதுக்கு நாங்கதான் மாசாமாசம் மளிகை போடறோம். அங்க ஒண்ணுக்குப் பதினெட்டு முடியுது. வெளிய எங்க போகும், பாவம். நாங்களே வெச்சுக்கறோம்னு சொல்லிட்டோம்."

"சம்பளம்?"

"சொந்தப் பொண்ணு மாதிரி வெச்சுக்கப் போறோம். சொந்தப் பொண்ணுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா, சொல்லு."

பட்டாணியின் கை அந்தரத்தில் நின்றது. அந்த 'மாதிரி' என்ற சொல்லுக்குள் அவள் பல வருடம் குடியிருந்திருக்கிறாள்.

பட்டாணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆள் குள்ளம், முகம் உருண்டை, கடித்தால் கடித்தவன் பல்தான் போகும். மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் அதே இல்லத்தில் உடன் வளர்ந்த பிள்ளைகள் வைத்த பெயர் அது. பதினெட்டு முடிந்த அன்று அவளுக்கும் ஒரு புது உடை கொடுத்தார்கள். அவளையும் ஒரு வீட்டில் 'சொந்தப் பொண்ணு மாதிரி' கொண்டுபோய் விட்டார்கள். அந்த வீட்டின் சொந்தப் பெண் மாடியறையில் படித்தாள். மாதிரிப் பெண் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள். மாலை வகுப்பில் சேரட்டுமா என்று ஒரு நாள் கேட்டதற்கு, வீடே கூடி நின்று 'நன்றி கெட்டவள்' என்றது. அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, இந்தக் கடையில் தரை துடைத்து, வில்லை துடைத்து, பிறகு படித்து, கண் பார்க்கும் நாற்காலி வரை வந்து சேர்ந்தாள். அது தனிக்கதை.

கோபத்தோடு பவர் எழுதக்கூடாது என்பதற்காக முழுச் சோதனையையும் மறுபடி முதலில் இருந்து செய்தாள். அம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"அதான் ஒருதடவ பார்த்தாச்சே."

"ஒருதடவையில எல்லாம் தெரிஞ்சுடாதும்மா" என்றாள் பட்டாணி.

* * *

லிஃப்ட் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலர் கூடுவார்கள். கொட்டகைக்காரருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். சட்டம் படித்தவர் அல்ல. எதிராளி களைத்துப்போகும் வரை வாதாடுவார், அதனால் வந்த பெயர். அவரும் ஓர் இல்லத்தில் வளர்ந்தவர்தான். வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். இல்லங்களில் வளர்ந்து வெளியே வந்தவர்களுக்கான சங்கம் அது. அடையாள அட்டை, ரேஷன், வாடகை வீடு என்று எங்கே போனாலும் 'அப்பா பெயர்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் அவர்கள் வேலை.

பட்டாணியை அங்கே கொண்டுவந்தது ஒரு கைக்குட்டை. கண்ணாடி வாங்க வந்த வக்கீல், அவள் கைக்குட்டையின் ஓரத்தில் நூலால் தைத்திருந்த எண்ணைப் பார்த்தார். இல்லத்தில் துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. வெளியே வந்து எத்தனையோ காலம் ஆகியும், வாங்கும் துணியில் எல்லாம் அந்த எண்ணைத் தைத்துவிட்டுத்தான் அவளால் உடுத்த முடிந்தது. "எந்த இல்லம்?" என்று மட்டும் அவர் கேட்டார். அவளிடம் அதுவரை எல்லோரும் 'அப்பா அம்மா என்ன பண்றாங்க' என்றுதான் கேட்டிருந்தார்கள். அவளும் 'வெளிநாட்டுல இருக்காங்க' என்று கூசாமல் பொய் சொல்லியிருந்தாள். கேள்வி மாறியதும் பொய் வரவில்லை.

முதல் ஞாயிறு அவள் தன் கதையைச் சொன்னபோது கொட்டகையில் யாரும் 'பாவம்' என்று உச்சுக்கொட்டவில்லை. கிரீஸ் பிடித்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அப்புறம்?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே பட்டாணி அடுத்த ஞாயிறும் போனாள். பிறகு போகாத ஞாயிறு இல்லை.

இந்த ஞாயிறு பாத்திரக்கடை அம்மாளின் கதையைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உயர்ந்துவிட்டது.

"மெதுவா பேசு, லிஃப்ட் பயந்து கீழ விழுந்துடப் போகுது" என்றார் வக்கீல். பிறகு அவரே கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "விதியில இடம் இருக்கு. பதினெட்டு முடிஞ்சாலும், படிக்கிற புள்ளைன்னா, படிப்பு முடியற வரைக்கும் இல்லத்துலயே இருக்கலாம். அனுப்பற அன்னைக்கு நல அதிகாரி வருவாங்க. அவங்ககிட்ட அந்தப் பொண்ணு தன் வாயால கேக்கணும். அது கேட்டா யாரும் அசைக்க முடியாது. கேக்கலன்னா நாம தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"கேக்கும். நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொல்லி அது சொன்னா, அது உன் ஆசை ஆயிடும்."

தன் கடையில் தான் சொல்லும் பேச்சையே அவர் திருப்பிச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது.

* * *

மறுநாள் மாலை இரண்டு பிஸ்கட் டப்பாக்களோடு இல்லத்துக்குப் போனாள். இல்லத்தின் பொறுப்பாளரை எல்லாப் பிள்ளைகளும் 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விதி இல்லை. பெரியவர்கள் அவரை வார்டனம்மா என்பார்கள். வார்டனம்மா வாசலிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பட்டாணியா? அடையாளமே தெரியல. நல்லா இருக்கியே. உட்காரு, உட்காரு."

கூடத்தில் விருந்தாளிகளுக்கென்று மெத்தை தைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் உயர வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில் ஒரு பெண், கொக்கு போல உயரம், ஒரு காலை மறு காலின்மேல் சாய்த்து நின்றாள். பெயரும் கொக்குதான் என்று பக்கத்தில் இருந்த சிறுமி சொல்லிச் சிரித்தாள்.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று பட்டாணி கேட்டாள். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கோம் அக்கா. நன்றி அக்கா" என்று கூடம் முழுக்க ஒரே குரலாக ஒலித்தது.

அதே ராகம், அதே இழுப்பு. எத்தனை வருடம் அவளே அந்த வரிசையில் நின்று இப்படிப் பாடியிருக்கிறாள். மெத்தை நாற்காலியில் யார் உட்கார்ந்து கேட்டாலும் இதுதான் பதில். காய்ச்சலில் நடுங்கியபடி சொல்லியிருக்கிறாள். அடி வாங்கிய கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

பதினெட்டு முடிகிற பெண் அவள்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொக்கைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றால், வார்டனம்மா இரண்டு அடி தள்ளி நின்று ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போறியாமே. உனக்கு இஷ்டம்தானா?"

"ரொம்ப சந்தோஷமா போறேன் அக்கா. நன்றி அக்கா."

அந்தப் பெண்ணின் கண் பிஸ்கட் டப்பாவின் மேல் இருந்தது. பசியினால் அல்ல, முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டுமே.

கொட்டகைக்குத் திரும்பியதும் வக்கீல் கேட்டார்: "என்ன கொண்டு போனே?"

"பிஸ்கட்."

"எங்க உட்கார்ந்தே?"

"மெத்தை நாற்காலியில."

"கொடுத்துட்டுக் கேட்டா, கொடுத்தவங்களுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். நீயும் நானும் வளர்ந்தது அப்படித்தானே. அந்த நாற்காலி யாரு குண்டி பட்டாலும் அவங்கள கொடையாளி ஆக்கிடும்."

"போதும், குத்தாதீங்க" என்றாள். ஆனால் குத்தியது அவர் அல்ல. இன்னொருவர் வீட்டில் மாதிரிப் பெண்ணாக இருந்தவள், இன்னொரு பெண்ணின் முன் நல்ல மனுஷி மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். இரவெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பற்றி எரிந்தது.

* * *

துணி வெளுக்கும் நாளன்று வெறுங்கையோடு போனாள். முன்வாசலுக்குப் போகாமல் பின்கட்டு வழியாக நுழைந்தாள். கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு ஆள் தேடி நின்றிருந்தாள் கொக்கு. பட்டாணி போய் மறுமுனையைப் பிடித்தாள்.

சமையல்கட்டு வாசலில் இருந்து வார்டனம்மா பார்த்தார். "பழைய பொண்ணு, வேலைய மறக்கல பாரு" என்று பாராட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

விரிப்பு மடிப்பது அந்த இல்லத்தில் வெறும் வேலை அல்ல. அங்கே பேசுவதற்கு இருந்த ஒரே வழி அது. வேலை நேரத்தில் கூடிப் பேசினால் அதட்டல் விழும். ஆனால் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் இழுத்து உதறி, நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்க்க வேண்டும். முகத்தோடு முகம் நெருங்கும் அந்த ஒரு நொடியில் ஒரு வாக்கியம் சொல்லலாம். பிறகு விலக வேண்டும். அடுத்த மடிப்பில் அடுத்த வாக்கியம். தலைமுறை தலைமுறையாக அந்தப் பிள்ளைகள் தங்கள் சண்டை, சிநேகம், பயம் எல்லாவற்றையும் இப்படித்தான் துணியில் மடித்துப் பேசி வந்தார்கள்.

உதறினார்கள். நெருங்கினார்கள்.

"நானும் இங்க வளர்ந்தவதான்" என்றாள் பட்டாணி.

"தெரியும்கா. உங்க கைக்குட்டையில இருக்கற நம்பர்தான் இப்ப எனக்கு."

விலகினார்கள். எண்ணைக்கூடக் கழுவி அடுத்த பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள். அடுத்த விரிப்பு.

"படிக்கறியா?"

"லேப் படிப்பு. ரத்தம், சர்க்கரை எல்லாம் டெஸ்ட் பண்றது. சீட்டு கிடைச்சிருச்சு."

அடுத்த விரிப்பு.

"அந்த வீட்டுக்குப் போக இஷ்டமா?"

கொக்கு ஓரத்தைச் சரி பார்ப்பதுபோல விரிப்பைத் திரும்ப உதறினாள். மறுபடி நெருங்கியபோது சொன்னாள்:

"அந்தப் படுத்திருக்கற அம்மாவ ஒருதடவ காட்டுனாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லக்கா. பாவமா இருந்துச்சு."

"பாவப்படலாம். அதுக்காகப் பலியாகக் கூடாது."

"நான் மாட்டேன்னு சொன்னா மளிகை நின்னுடுமாம். நம்ம அம்மா சொன்னாங்க. சின்னதுங்க இருக்குல்ல." அந்த வாக்கியம் முடிவதற்குள் விலக வேண்டிய நேரம் வந்துவிட்டது. கொக்கு விலகவில்லை. விரிப்பு இருவருக்கும் நடுவே சுருண்டு தரையில் புரண்டது. "எனக்குப் போக வேண்டாம்கா. ஆனா என்னால அதுங்க பட்டினி கிடந்தா?"

பட்டாணிக்குக் காது இரண்டும் சூடேறின. ஒரு பெண்ணைக் கொடுக்காவிட்டால் மளிகை இல்லை. இதற்குப் பெயர் தர்மமாம். ஊரார் பார்க்க மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு, யாரும் பார்க்காதபோது பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் கருணையாம். அதைவிட அவளுக்கு மனம் ஆறாதது இன்னொன்று: வளர்ந்தவர்கள் சுமக்க வேண்டிய மூட்டையை இந்தக் கொக்குக் கழுத்தில் ஏற்றியிருக்கிறார்களே.

"அதுங்களுக்குச் சோறு போட வேண்டியது நீ இல்ல. அதுக்குச் சம்பளம் வாங்கற பெரியவங்க இருக்காங்க" என்றாள். "விதி இதுதான். படிக்கறேன்னு நீ கேட்டா இங்கயே இருக்கலாம். அதிகாரி உன்னத்தான் கேப்பாங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு எது தெளிவா இருக்கோ அதச் சொல்லு."

"என்ன அங்க முணுமுணுப்பு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"துணியில மண்ணு ஒட்டிடுச்சும்மா" என்றாள் கொக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

* * *

அனுப்பும் நாள் வந்தது. கூடத்தைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். பாத்திரக்கடை முதலாளியும் மனைவியும் புது உடைப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். அம்மாளின் மூக்கில் பட்டாணி செய்து கொடுத்த கண்ணாடி. பட்டாணியும் வக்கீலும் சுவரோரமாக நின்றார்கள். பழைய பிள்ளைகள் வந்து நிற்பதை வார்டனம்மாவால் தடுக்க முடியவில்லை.

நல அதிகாரி வந்தார். கைப்பையைக்கூடத் தோளில் இருந்து இறக்கவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு இடம் பாக்கி. சீக்கிரம் முடிச்சுடலாமா?" என்று கேட்டுக்கொண்டே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொக்கைக் கூப்பிட்டார்கள். முதலாளி அவள் தலையைத் தடவினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நல்லவங்க கிடைச்சிருக்காங்க உனக்கு. சந்தோஷமா போறேதானேம்மா?"

கொக்கின் வாய் திறந்தது. "நல்லா இருக்கேன் மேடம். நன்றி மேடம்."

வந்துவிட்டது. அவள் நினைத்துச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இருந்து அந்தக் குரலில் கேட்டால், அந்த வாய் அதைத்தான் சொல்லும். சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளிறியதைப் பட்டாணி பார்த்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அது பதில் இல்ல" என்றாள் பட்டாணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க யாரு?"

"இந்த வீட்டுப் பொண்ணு. மேடம், நான் கண் டெஸ்ட் பண்றவ. 'இது நல்லா இருக்குதானே'ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. அப்படிக் கேட்டுக் கண்ணாடி செஞ்சு குடுத்தா, போட்டுக்கிட்டுப் படியில விழுவாங்க. பதில உள்ள வெச்சுத்தான் நீங்க கேள்வியே கேட்டிருக்கீங்க. கூட்டிக்கிட்டுப் போறவர் தலையத் தடவிக்கிட்டு நிக்கறாரு. வளர்த்தவங்க மொறச்சுக்கிட்டு நிக்கறாங்க. இதுல எந்தப் புள்ள வாயத் தெறக்கும்?"

"சோறு போட்ட வீட்டுல வந்து நின்னு..." என்று வார்டனம்மா ஆரம்பித்தார். "நன்றி கெட்டவளே."

"அந்தப் பட்டம் ஏற்கெனவே வாங்கியாச்சு. புதுசா ஏதாவது இருந்தா குடுங்க."

வக்கீல் முன்னால் வந்தார். வழக்கமாக நீளமாகப் பேசுகிறவர், அன்று ஒரே வாக்கியம்தான் பேசினார். "பிள்ளையத் தனியா விசாரிக்கணும்னு விதி இருக்கு மேடம், உங்களுக்குத் தெரியாததில்ல."

அதிகாரியின் முகம் சிவந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொக்கைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் உதடு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி கைப்பையைத் தோளில் இருந்து இறக்கி மேஜைமேல் வைத்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. நீங்களும்தான்" என்றார் பட்டாணியைப் பார்த்து.

அவளும் வெளியே போகத்தான் வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதோ, முற்றத்தில் நின்ற அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒருவேளை அந்தப் பெண் மறுபடி நன்றி சொன்னால்? சின்னதுகளின் பசியை நினைத்துத் தலையாட்டிவிட்டால்? சொல்லிக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு கணம் மனம் தடுமாறியது.

பாத்திரக்கடை அம்மாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"ஏம்மா, நாங்க என்ன கொடுமையா பண்றோம்? தெருவுல நிக்கற பொண்ணுக்கு ஒரு கூரை குடுக்கறோம்."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கு. அதுக்கும் இந்த வயசுதான்."

"பாட்டிய அது பார்த்துக்காதா?"

"அது காலேஜ் போகுதே."

"இதுக்கும் சீட்டு கிடைச்சிருக்கு. சொந்தப் பொண்ணு மாதிரின்னீங்களே, இதையும் காலேஜுக்கு அனுப்பறீங்களா?"

அம்மாள் புதுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்; அதில் அழுக்கு எதுவும் இல்லை.

கதவு திறந்தது. அதிகாரி முன்னால் வந்தார், பின்னால் கொக்கு.

"இந்தப் பொண்ணு இங்கயே இருந்து படிக்கிறா. எழுதிட்டேன்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. போகிற போக்கில் முதலாளியிடம், "வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னா சம்பளம் குடுத்து வெச்சுக்கங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி உடைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இனிமே மளிகை எங்க இருந்து வருதுன்னு பார்க்கறேன்" என்று வார்டனம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலைக் கடந்தார். அவர் மனைவி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

கொக்கு வார்டனம்மாவின் அருகே போய் நின்றாள். "இவ்வளவு நாள் வளர்த்ததுக்கு நன்றிம்மா. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா அதுக்கு ஈடா என்னையே குடுக்க முடியலம்மா."

வார்டனம்மா அவளைப் பார்க்கவில்லை. பட்டாணியின் பக்கம் பாய்ந்தார்.

"உனக்கென்ன, நாலு வார்த்தை நல்லா பேசிட்டுப் போயிடுவ. நாளைக்கு அடுப்பு மூட்டறவ நான். மேல இருந்து வர வேண்டிய பணம் எத்தன மாசமா வரலன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு கடை வாசலா நின்னு கையேந்திப் பாரு, தெரியும். எனக்கு மட்டும் ஆசையா பொண்ணுங்கள அனுப்பணும்னு?"

இத்தனை வருடமும் இந்தப் பெண்மணியை மட்டுமே வெறுத்து வந்த பட்டாணிக்கு, வெறுப்பைச் சரியான முகவரிக்கு அனுப்பவில்லையோ என்று முதல் முறையாகத் தோன்றியது. கோபம் குறையவில்லை. அதற்கு இடம்தான் மாறியது.

"போயிட மாட்டேன்" என்றாள். "நாளைக்குக் காலையில வரேன். பணம் குடுக்க வேண்டியவங்க வாசலுக்குப் போவோம். நீங்களும் வரணும்."

"நான் வந்து என்ன பேச?"

"கடை வாசல்ல என்ன பேசினீங்க? அதையே பேசுங்க. கையேந்தாம பேசுங்க."

மறுநாள் காலை சங்கத்து ஆட்கள் தங்கள் வீடுகளில் இருந்து ஆளுக்கொரு பையில் சாமான் கொண்டுவந்து இல்லத்துச் சமையல்கட்டில் இறக்கினார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்று பட்டாணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவளும் வக்கீலும் வார்டனம்மாவும் நலத்துறை அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். கண்ணாடிக் கடையில் விடுப்பு கேட்டபோது அவளுடைய முதலாளி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "வீட்டு வேலையா போறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கே உறைத்தது.

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அவர்கள் சொன்னதைத் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார். பணம் வரும்போது வரும் என்றார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கடைசியில், சமாதானம் சொல்லும் குரலில், "இத்தன மாசம் எப்படியோ சமாளிச்சீங்கல்ல? இனியும் எவனாவது ஒரு தர்மவான் வராமலா போயிடுவான்?" என்றார்.

பட்டாணி வாயைத் திறப்பதற்குள் வார்டனம்மா எழுந்து நின்றார். அந்த மேஜைக்கு எதிரே எத்தனையோ முறை கைகட்டி நின்றவர். அன்று கை கட்டவில்லை.

"எப்படிச் சமாளிச்சேன்னு கேளுங்க சார், சொல்றேன். பொண்ணுங்களக் குடுத்துச் சமாளிச்சேன். இதோ நிக்கறாளே, இவளையும் அப்படித்தான் ஒரு வீட்டுக்குக் குடுத்தேன். அவங்க போட்ட மளிகையில மத்ததுங்க வயிறு ரொம்புச்சு. அதத் தர்மம்னு நம்பிட்டிருந்தேன்." குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "தர்மம்னு வாங்குனா ஒருநாள் அதுக்கு விலை கேப்பாங்க சார். பெத்தவங்க இல்லாத புள்ளைகிட்ட விலையா குடுக்க அதோட வாழ்க்கையத் தவிர வேற என்ன இருக்கு? அதுங்க சோறும் படிப்பும் உங்க தயவும் இல்ல, என் தயவும் இல்ல, எந்தக் கடைக்காரன் தயவும் இல்ல. அது அதுங்க உரிமை. புள்ளைங்களுக்கு நன்றி சொல்லத்தான் இத்தன வருஷமா பழக்கிட்டேன். வேண்டாம்னு சொல்லவும், வேணும்னு கேக்கவும்தான் மொதல்ல பழக்கியிருக்கணும். கேக்க நாதியில்லாத புள்ளைங்கன்னு நீங்களும் நெனச்சீங்க, நானும் நெனச்சேன். நாதி இருக்கு சார். பணம் எப்ப வரும்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் நாங்க மூணு பேரும் இங்கதான் உட்கார்ந்திருக்கப் போறோம்."